கலுங்கு ஓடியதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்

கேள்வி: பொங்கல் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் காரைக்குடி வருகிறார்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போகலாமா? 80 வயது ஆயாவும் உடன் வருவார்கள்.

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கிளம்புமுன் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் தெரிந்தவர் யாரையாவது விசாரியுங்கள்: "கண்மாய் பெருகியிருக்கா, கலுங்கு ஓடுச்சா?" கண்மாய் (ஏரி) நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடம்தான் கலுங்கு. அங்கே எல்லாமே தண்ணீரைப் பொறுத்ததுதான். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் நாயும் பூனையும் அண்டாது. மழை பொய்த்த ஒரு வருஷம், நண்பர்களை ஆசை காட்டி அழைத்துப்போய் ஆடு மேய்வதைப் பார்த்துத் திரும்பியவன் நான்.

திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் கொள்ளுக்குடிப்பட்டி என்று கேட்டால் போதும். 1977-இல் சரணாலயமான இடம். பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. வேடந்தாங்கல் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். சின்ன இடம் என்பதே ஆயாவுக்கு வசதி, அதிகம் நடக்க வேண்டியதில்லை. மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், குடிதண்ணீரும்.

காலையில் பிள்ளையார்பட்டியில் தரிசனம் முடித்து, வெயில் தாழ நாலரை மணிவாக்கில் கண்மாய்க்குப் போய்ச் சேருங்கள். இரை தேடப் போன கொக்கும் நாரையும் கூடு திரும்பும் நேரம். பொழுது மங்கியதும், பகலெல்லாம் தூங்கிவழிந்த வக்கா (இராக்கொக்கு) 'குவாக்' என்று கத்திக்கொண்டு கிளம்பும். இந்த ஷிப்டு மாற்றம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பைனாகுலர் இருந்தால் நத்தைகுத்தி நாரையின் மூக்கைக் காட்டுங்கள். பாக்குவெட்டி சரியாக மூடாததுபோல் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் வரும். வயலிலும் கண்மாயிலும் நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை உருவித் தின்னும்.

கரையை விட்டு இறங்காதீர்கள். கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாய்ப்பறவை எழுந்த நிமிஷமே காக்கை முட்டையைக் கொத்திவிடும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. காரில் பாட்டு ஓடினால் ஊருக்குள் நுழையும்போதே நிறுத்திவிடுங்கள்.