8 ஜிபி ராம், 3.25 மட்டும் ஏன்?

கேள்வி: இரண்டு 4 ஜிபி ராம் போட்டும் விண்டோஸ் 3.25 ஜிபிதான் பயன்படும் என்கிறதே, ராம் பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. உங்களுடையது 32 பிட் விண்டோஸாக இருக்கும். அதற்கு 4 ஜிபி அளவுக்கான நினைவக முகவரிகள் (தகவல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்கள்) மட்டும்தான் எட்டும். அதிலும் ஒரு பங்கை கிராபிக்ஸ் கார்டு போன்றவை பிடித்துக்கொள்ளும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் 'சிஸ்டம் டைப்' பாருங்கள். பிராசஸர் 64 பிட் என்றால், ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அப்கிரேடு செய்து மாற வழியில்லை.

விண்டோஸ் ஏற்கெனவே 64 பிட்தான் என்றால், எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் மெமரி' டிக்கை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) ராம் குறைவாகத் தெரிந்தால், பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கிளிப் 'டிக்'கென்று பூட்டும்வரை ராமை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். சரியாக உட்காராத ராம்தான் பல நேரம் காரணம்.