சொல் கேளுங்கள்: தளும்பினாலும் ஸ்லாப், சட்டையும் ஸ்லாப்!

கே: எண்ணெய்க் கப்பலில் சேரப்போகும் மகனின் பயிற்சிக் குறிப்பில் ‘ஸ்லாப் டேங்க்’, ‘ஸ்லாப் செஸ்ட்’ என்று இருக்கிறது. அகராதியோ ‘பன்றித் தீனி’ என்கிறது. எது சரி?
- வாசகி, குளச்சல்

ப: எல்லாமே சரிதான். முதலில் எழுத்துத் தொல்லையைத் தீர்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் நடுவே ‘ஓ’ இருந்தால் (slop) நீங்கள் கேட்கும் சொல். ‘ஏ’ இருந்தால் (slab) ஓடைக்கு மேல் போடும் கான்கிரீட் ஸ்லாப். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அடிப்படைப் பொருள், தளும்பிச் சிந்துவது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது வாயோரம் துள்ளிச் சேலையை நனைக்கிறதே, அது. குடம் சாய்ந்து கொட்டினால் ‘ஸ்பில்’ என்பதே பொருத்தம். சிந்திய சேறு, கழுநீர், நம்மூர்க் காடித்தண்ணி எல்லாம் ஸ்லாப்தான். பன்றிக்கு ஊற்றுவதும் அதையே.

கப்பலில் சரக்குத் தொட்டிகளைக் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் சேரும் இடம் ஸ்லாப் டேங்க். கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் ‘மார்போல்’ என்ற பன்னாட்டு ஒப்பந்த விதிப்படி அதன் கொள்ளளவு பொதுவாகச் சரக்கு எண்ணெய்க் கொள்ளளவில் 3 சதவீதமாவது இருக்க வேண்டும். அசையாமல் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அடித்தண்ணீரை மட்டும், கரைக்கு 50 கடல்மைல் அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கண்காணிப்புக் கருவி வழியாக வெளியேற்றலாம். அதில் எண்ணெய், கப்பல் ஓடும் ஒவ்வொரு கடல்மைலுக்கும் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது. பாரசீக வளைகுடா போன்ற சிறப்புப் பகுதிகளில் அதற்கும் அனுமதியில்லை. கழுவும் மருந்து கூடினாலோ, தெளிய நேரம் விடாவிட்டாலோ மோர்போலக் கலங்கி நிற்கும், பிரியாது.

ஸ்லாப் செஸ்ட்டில் ஈரமே கிடையாது. தொளதொள உடைக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்’ என்ற பெயர் உண்டு. அது தனி வேர். மாலுமிகளுக்கு அத்தகைய உடை வைத்து விற்ற பெட்டி (செஸ்ட்), இன்று சோப்பும் பற்பசையும் சிகரெட்டும் விற்கும் கப்பல் கடையாகிவிட்டது. வாங்கியதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

கே: மேலாளர் என் அறிக்கையை ‘ஸ்லாப்பி’ என்று எழுதிவிட்டார். சோம்பேறி என்கிறாரா?
- வாசகர், மார்த்தாண்டம்

ப: இல்லை. அள்ளித் தெளித்த கோலம் என்கிறார். கூட்டல், தேதி, எழுத்துப்பிழை மூன்றையும் சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

கே: ‘ஏஐ ஸ்லாப்’?
- வாசகர், தக்கலை

ப: செயற்கை நுண்ணறிவு மூலம் மொத்தமாகக் கொட்டப்படும் தரமற்ற எழுத்தும் படமும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2025-ன் சொல்லாக ‘ஸ்லாப்’பைத்தான் தேர்ந்தெடுத்தது. ‘குப்பை’ என்று பெயர்த்தால் பொருள் வரும், வழவழப்பு வராது. என்னைக் கேட்டால் ‘காடி’ என்பேன்.