பேத்தி யாரிடம் வளர வேண்டும்?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். மகள் குவைத்துக்குப் போய் நாலு வருஷம். ஒன்பது வயதுப் பேத்தியை நான்தான் வளர்க்கிறேன். மருமகன் கொழும்பில் கடையில் வேலை. இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவர், ஐந்து சதம் தராதவர், இப்போது வந்து "தகப்பன் எனக்குத்தான் உரிமை" என்கிறார். கொடுக்காவிட்டால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போட வைப்பாராம். என்ன செய்வது? - ஓர் அம்மாயி

பதில்: அம்மா, முதலில் இல்லம் என்கிற பயத்தை விடுங்கள். மருமகன் நினைத்தாலும் கிராம சேவகர் சொன்னாலும் அது நடக்காது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி அதற்கு நீதவானின் கட்டளை வேண்டும். கவனிப்பாரில்லாத பிள்ளை என்று காட்டினால்தான் அந்தப் பேச்சே எழும். அப்போதும் தகுந்த சொந்தக்காரரிடம் ஒப்படைக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

உரிமை விஷயம் அவ்வளவு லேசில்லை. வடக்குத் தமிழரின் தேசவழமை, கண்டிச் சிங்களவரின் கண்டியச் சட்டம் இரண்டும் மலையகத் தமிழரான நமக்கில்லை. ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த பொதுச் சட்டம்தான். அது பழைய காலத்திலிருந்தே தகப்பன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. பெற்றவருக்கும் பாட்டிக்கும் வழக்கென்றால் பெற்றவர் கைதான் ஓங்கும். ஆனால் இப்போது நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கின்றன. அதனால் மருமகனின் குறைகளை அடுக்குவதைவிட, பிள்ளையின் பாடசாலை வரவு, கிளினிக் அட்டை, மகள் அனுப்பிய பணத்தின் ரசீதுத் துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வரக்கூடும். லயத்துக் காம்பரா சின்னது என்று கூச்சப்படாதீர்கள். அவர் பார்க்க வருவது பிள்ளையை.

உங்களைவிட மகளின் சொல்லுக்குத்தான் பலம் அதிகம், அவளும் பெற்றவள். பிள்ளை உங்களிடம் இருக்கட்டும் என்று தூதரகம் வழியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மருமகன் செலவுக்குத் தராததற்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளை பெயரில் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, கேட்கலாம். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. இரண்டு பக்கக் கடிதத்தில் மருமகன் இருக்கிறார், மகள் இருக்கிறாள். பேத்திக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரி இல்லை. நீதிபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். அதற்கு முன் நீங்கள் கேளுங்கள். அப்பாவைப் பார்க்க ஆசை என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள். காசு தராதவர் என்பதற்காகப் பார்க்கவும் கூடாது என்று எந்த நீதிமன்றமும் எளிதில் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.