பழைய ஹோட்டலில் அறை எடுக்கும் முன்

"அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு அவர்களைக் கண்டி குயின்ஸ் ஹோட்டல் மாதிரி ஒரு பழைய இடத்தில் ஒரு ராத்திரி தங்க வைக்க ஆசை. உள்ளே அறைகள் எப்படி இருக்கும்? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தங்க வைக்கலாம். ஆனால் படத்தை மட்டும் பார்த்து அறையைப் பிடித்துவிடாதீர்கள். எனக்கு ஹட்டன் பக்கம், தச்சு வேலை. கதவு நிலை, தரைப்பலகை மாற்றுகிற வேலைக்காகப் பழைய பங்களாக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போய்வருகிறவன். இந்தக் கட்டடங்களில் அடுத்தடுத்த இரண்டு அறைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை.

அதற்குக் காரணம் அவை வளர்ந்த விதம். குயின்ஸ் இருக்கும் இடத்தில் முதலில் இருந்தது கண்டி ராஜ்ஜியக் காலத்துத் துல்லாவே வளவு, அதாவது ஒரு பிரபுவின் மாளிகை வீடு. 1815இல் ராஜ்ஜியம் விழுந்ததும் அது வெள்ளைக்காரர் கைக்குப் போய், 19ஆம் நூற்றாண்டிலேயே ஹோட்டலாகிவிட்டது. நுவரெலியா கிராண்ட் ஹோட்டலும் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ஆளுநர் 1828இல் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். இப்படி வந்த கட்டடங்களில் தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு பக்கம் ஒட்டிக் கட்டுவார்கள், ஒரு சுவரை இடிப்பார்கள். அந்தக் காலத்தில் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை என்பதே அபூர்வம். பின்னால் அறையின் ஒரு மூலையைத் தடுத்துத்தான் போட்டிருப்பார்கள். எந்த அறையில் யன்னல் இருந்த பக்கம் குளியலறைக்குப் போய்விட்டதோ, அந்த அறையில் எப்போதும் ஒரு புழுக்கம் இருக்கும். விலைப்பட்டியலில் இதெல்லாம் வராது.

சரி, குயின்ஸுக்கு வருவோம். கீழ்த்தளத்தில் வளைவு வளைவான முகப்பு, உயர்ந்த கூரை, அகலமான மரப்படி, பழைய லிஃப்ட். என்னைக் கேட்டால் காசில் பாதி இவற்றுக்குத்தான். அறைக்குள் பலகைத் தரையும் உயரமான கூரையும் இருக்கும். கண்டி சுமார் 500 மீட்டர் உயரம்தான், மதியத்தில் நன்றாகவே வெக்கை அடிக்கும். மின்விசிறி வராத காலத்தில் சூடு மேலே ஏறிப் போகட்டும் என்றுதான் கூரையை அவ்வளவு உயர்த்தினார்கள்.

வீதிப் பக்கத்து அறையா, பின்பக்கத்து அறையா என்பதை யோசித்து எடுங்கள். முன்னால் புத்தரின் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகைப் பக்கமும் குளமும் இருக்கின்றன, கூடவே பஸ் ஹாரனும். மாளிகையில் விடியற்காலைப் பூஜை ஐந்தரைக்கே தொடங்கிவிடும், வீதியும் அப்போதே விழித்துவிடும். பின்பக்கம் நீச்சல் குளமும் தோட்டமும், சத்தம் குறைவு. தூக்கம் முக்கியமென்றால் பின்பக்கம். வேடிக்கை பார்க்கிற அப்பாவென்றால் முன்பக்கம். ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹரா என்ற யானை ஊர்வலத் திருவிழா நடக்கும் நாட்களில் வீதிப்பக்க யன்னலுக்கே தனி விலை. அப்போது போகவேண்டாம்.

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். தேக்கு, முதிரை, பலா எதுவானாலும் பழைய பலகை நடந்தால் கிரீச்சிடும். காய்ந்து சுருங்கிய பலகை ஆணியில் உரசுகிற சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை. காலை வைத்ததும் சத்தமே இல்லாமல் மெத்தென்று அமுங்கினால்தான் அடியில் சட்டம் உளுத்திருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்கிற இடத்தில் தரை வெறும் பளபளப்பாக இருக்காது, மெழுகு பலகையின் ரேகைக்குள்ளேயே இறங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் மெழுகைப் பூசிவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையைக் காலில் மிதித்து இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்ப்பார்கள். அப்படி வருஷக்கணக்காகத் தேய்த்த தரையைத் தடவினால் உடனே தெரியும். சுவரோடு சுவராகக் கம்பளம் விரித்த அறை மலையகத்துக்குச் சரிவராது. யன்னலை மூடிவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள், ஈரவாடை வந்தால் வேறு அறை கேளுங்கள். பழைய ஹோட்டல்களில் மாற்றிக் கொடுப்பார்கள், நயமாகக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

வயதானவர்கள் என்றால் குளியல் தொட்டியையும் பாருங்கள். அந்தக் காலத்து இரும்புத் தொட்டியின் விளிம்பு முழங்காலுக்கு மேலே வரும். கால் தூக்கி இறங்க அம்மாவால் முடியுமா?

நுவரெலியா கணக்கு வேறு. 1,868 மீட்டர் உயரம், ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே கூரை உயரத்தை ரசிப்பதை விட, கணப்பு எரிகிறதா என்று கேளுங்கள். பழைய அறைகளில் கணப்பு அழகுக்கு இருக்கும், புகைபோக்கியை அடைத்துவிட்டு மின்சார ஹீட்டர் வைத்திருப்பார்கள். ஹில் கிளப்பில் படுக்கைக்குள் சுடுதண்ணிப் பை வைக்கிற வழக்கம் இருக்கிறது. 1876இல் தொடங்கிய இடம், இரவு உணவுக்குக் கோட்டும் டையும் வேண்டும், இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் தருவார்கள். சுதந்திரம் வந்து பல வருஷம் கழியும்வரை உள்நாட்டவரை உறுப்பினராகச் சேர்க்காத கிளப் அது. அப்பாவுக்கு டை பிடிக்காதென்றால் கிராண்டே போதும்.

இன்னொன்று, நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலை ஃபெக்டரியையே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். கொழுந்து வாட்டிய மேல்தட்டுகள்தான் இப்போது படுக்கையறைகள். கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்பதால் அந்தத் தட்டுகளில் யன்னல் வரிசை வரிசையாக வைப்பார்கள், அதனால் வெளிச்சத்துக்குக் குறையே இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அங்கே போய் மெத்தையில் படுப்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் தோன்றுகிறது. உங்கள் அம்மா அப்பாவுக்கு அப்படி இருக்காது.

என் தேர்வு கண்டி, குயின்ஸ், பின்பக்கத்து அறை, பெரஹரா இல்லாத மாதம். நுவரெலியாதான் என்று முடிவெடுத்தால் ஏப்ரல் சீசனை மட்டும் விட்டுவிடுங்கள், அப்போது விலையும் கூட்டமும் ஏறிவிடும். எதுவானாலும் முதலில் ஃபோனில் பேசி, எந்த மாடி, எந்தப் பக்கம் யன்னல், குளியலறைக்கு வெளிக்காற்று வருமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.