நாகோயாவில் ஒரு பழைய கிட்டார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக ஜப்பானில், நாகோயாவில் வேலை பார்க்கிறேன். உங்கள் கட்டுரை ஒன்றைப் படித்துத்தான் ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியைக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது வாரம் ஒருநாள் ஜாஸ் கிட்டார் வகுப்புக்கும் போகிறேன். போன மாதம் ஒரு பழைய இசைக்கருவிக் கடையில் ஐபனெஸ் என்ற ஜப்பான் நிறுவனத்தின் 2355 மாடல் கிட்டார் ஒன்றைப் பார்த்தேன். 1977இல் செய்தது என்று சீட்டு தொங்கியது. வயலின் மாதிரிப் பழுப்பு நிறம், வயலின் மாதிரியே மேல்பலகையில் இரண்டு எஃப் துளைகள். அரைமணி நேரம் வாசித்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை.

கூட வந்த நண்பர், "இது கிப்ஸனைப் பார்த்து அடித்த காப்பி. கேஸ் போட்டு நிறுத்தின கிட்டார். காப்பிக்கு எதற்கு இவ்வளவு பணம்?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து ஒரே குழப்பம். அடுத்த வருடம் நான் சென்னைக்கே திரும்பிவிடுவேன். கிட்டத்தட்ட ஐம்பது வயதான கிட்டார் நம் ஊர் வெக்கையைத் தாங்குமா? நீங்களும் இதைப் போல மேல்பலகை வளைந்த, ஆர்ச்டாப் என்கிற வகையில், ஒரு பழைய ஜப்பான் கிட்டார் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் இதை வாங்கலாமா?

ஆர்.
நாகோயா

*

அன்புள்ள ஆர்.,

வாங்குங்கள். அதற்கு முன் கடையிலேயே பார்க்கவேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, கீழே எழுதுகிறேன். முதலில் உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பேசிவிடலாம். அது முள்ளாக உள்ளே கிடக்கும்வரை அந்தக் கிட்டாரை நீங்கள் நிம்மதியாக வாசிக்க முடியாது.

காப்பிதான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரிலிருந்து கிப்ஸன் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த இஎஸ்-175 மாடலைப் பார்த்துச் செய்ததுதான் 2355. 16 அங்குல அகலமுள்ள உடல், ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக வெட்டிய தோள், உள்ளே முழுக்கக் கூடு. ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் ஜோ பாஸும் ஜிம் ஹாலும் வாசித்தது அந்த 175ஐத்தான்.

ஆனால் கேஸ் போட்டு நிறுத்தினார்கள் என்பதில் பாதிதான் உண்மை. கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின் 1977 ஜூன் மாதம் பிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. யார் மேல் என்றால், ஐபனெஸை அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்த எல்ஜர் நிறுவனத்தின் மேல். எதற்காக என்றால், கிட்டாரின் தலைப்பகுதி விரித்த புத்தகம் போல வளைந்திருக்கிறதே, அந்த வடிவத்துக்காக. ஐபனெஸ் அதற்குள்ளாகவே தலையின் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. அடுத்த வருடம் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் வழக்கு. இன்றைக்கு எழுபதுகளில் செய்த எந்த ஜப்பான் கிட்டாரை எடுத்தாலும் 'வழக்குக் காலத்துக் கிட்டார்' என்று சொல்லி விற்கிறார்கள். விலையை ஏற்றுகிற பேச்சு அது. அந்தச் சொல்லுக்காக ஒரு யென்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அதே நார்லினுக்குச் சொந்தமான எபிஃபோன் கிட்டார்களும் அந்த வருடங்களில் ஜப்பானில்தான், மாட்சுமோட்டோவில்தான் தயாராகிக்கொண்டிருந்தன.

மாட்சுமோட்டோவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நாகோயாவிலிருந்து ஷினானோ ரயிலில் இரண்டு மணி நேரம். சுற்றிலும் மலை, காலங்காலமாக மரவேலைக்குப் பேர்போன ஊர். ஷினிச்சி சுசுகி 1946இல் குழந்தைகளுக்கு வயலின் கற்றுத்தர வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். ஐபனெஸுக்குக் கிட்டார் செய்துகொடுத்த ஃபூஜிகென் தொழிற்சாலை இங்கே 1960இல் தொடங்கியது. என்னுடைய ஏரியா ப்ரோ II கிட்டார் வந்த மாட்சுமோகு தொழிற்சாலையும் இங்கேதான் இருந்தது. அவர்கள் அதற்கு முன் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தவர்கள். ஒட்டுப்பலகையை வளைப்பது, இழைப்பது, மூலை தெரியாமல் ஒட்டுவது, பளபளப்பேற்றுவது எல்லாம் அந்தப் பெட்டிகளில் பழகிய கை. 1987இல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

இந்தக் கைகள் பத்துப் பதினைந்து வருடம் காப்பி அடித்தன. அடித்து அடித்து என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழக்கு வந்த அதே 1977இல் ஐபனெஸ் ஜிபி10 என்ற கிட்டாரை வெளியிட்டது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்ஸன் கூட இருந்து, இப்படி வேண்டும் அப்படி வேண்டும் என்று சொல்லிச் செய்தது. கூடு கிட்டாரை மேடையில் சத்தமாக வைத்தால் ஊளையிடும். பென்ஸனுக்கு அதுதான் தலைவலி. அதனால் உடலைச் சின்னதாக்கி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்புகளை மேல்பலகையில் படாமல் தொங்கவிட்டார்கள். அது யாரையும் பார்த்து அடித்த காப்பி இல்லை. இன்றுவரை அது விற்பனையில் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து, 1982இல், அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் ஜப்பானிலேயே கிட்டார் செய்ய முடிவெடுத்தபோது வேலையைக் கொடுத்தது ஃபூஜிகென்னிடம்.

நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள்? ஒரு சோலோவை நாலு நாலு மாத்திரையாகத் திரும்பத் திரும்பக் கேட்டு அப்படியே வாசிக்கத்தானே சொல்லித் தருகிறார்கள்? வெஸ் மான்ட்கோமரி ஆரம்பித்ததும் அப்படித்தான். இருபது வயதை ஒட்டி, அவருக்கு முந்தைய ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டார், கிட்டார் வாங்கினார், அந்த சோலோக்களை ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்தார். இண்டியானாபொலிஸில் ஒரு கிளப்பில் அவருக்குக் கிடைத்த முதல் வேலையே அவற்றை மேடையில் வாசிப்பதுதான். சோலோ முடிந்ததும் வேறொன்றும் வாசிக்கத் தெரியாமல் சும்மா நிற்பாராம். நம் ஊரிலும் குருவின் பாணி குரலில் ஒட்டாமல் யாருக்குச் சொந்தப் பாணி வந்திருக்கிறது? அந்த மாட்சுமோட்டோ தொழிலாளிகள் மரத்தில் செய்ததும் இதே பாடம்தான். உங்கள் கையிலிருந்த 2355 அவர்கள் பாடத்தை நன்றாகப் படித்து முடித்த வருடத்தைச் சேர்ந்தது. அதைக் காப்பி என்று ஒதுக்க என்னால் முடியாது.

சரி, கடைக்கு வருவோம்.

மறுபடி போகும்போது கிட்டாரைக் கையில் வாங்கியதும் பிரிட்ஜை, அதாவது கம்பிகளைத் தாங்கும் கட்டையை, பாருங்கள். ஆர்ச்டாப்பில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதன் இரு பக்கமும் உயரத்தை ஏற்றி இறக்கச் சின்னச் சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரம் அடிவரை இறங்கிக் கிடந்தும் கம்பி ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோட்டை, விட்டு உயரமாக நின்றால், கழுத்து உடலோடு சேருகிற இடத்தில் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது பெரிய வேலை, பெரிய செலவு. அப்படி இருந்தால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் மேல்பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே எங்காவது கடகடத்தால் அடியில் ஒட்டிய தாங்கு சட்டம் விட்டிருக்கிறது. கம்பிக்கு அடியில் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, அதுதான் பிக்கார்டு, அது பழைய செல்லுலாய்டாக இருந்து ஓரம் பொடிய ஆரம்பித்திருந்தால் கழற்றித் தனியாக வைத்துவிடச் சொல்லுங்கள். கெட்டுப்போகிற செல்லுலாய்டு விடுகிற ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். பிக்கப் அந்தக் காலத்து சூப்பர் 70ஆக இருந்தால் நல்லது, மாற்றியிருந்தாலும் வாசிப்பவருக்கு அது பெரிய குறை இல்லை.

சென்னை பற்றிக் கேட்டீர்கள். 175ஐப் போல இதுவும் ஒட்டுப்பலகையில் செய்தது. ஒட்டுப்பலகை மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டி மரத்தைக் குடைந்து செய்த விலையுயர்ந்த ஆர்ச்டாப்பைவிட நம் ஊருக்கு ஒட்டுப்பலகைதான் ஏற்றது. இழை குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் எளிதில் வெடிக்காது. அந்த 175இன் தனிக்குரலே ஒட்டுப்பலகையால் வந்ததுதான், பெருவிரலால் தட்டினால் 'தும்' என்று எழுந்து சட்டென்று அடங்குமே, அது. ஆனாலும் நவம்பர் மழையில் பலகை உப்பும், கம்பி உயரும். மார்ச்சில் திரும்ப இறங்கும். வருடத்துக்கு இரண்டு முறை சக்கரத்தைத் திருப்பவேண்டியிருக்கும். வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வைத்து, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டுவையுங்கள். மீட்டர் 50ஐ ஒட்டிக் காட்டினால் கிட்டார் சுகமாக இருக்கிறது. காரில் மட்டும் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விமானத்தில் கொண்டுவரும்போது கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, தலைப்பகுதிக்கு அடியில் துணியை மடித்து முட்டுக் கொடுங்கள். இந்தக் கிட்டார்கள் உடைவது பெரும்பாலும் தலை கழுத்தோடு சேருகிற அந்த ஒடுங்கிய இடத்தில்தான்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும். என் ஏரியாவைக் கம்பி மாற்ற ஒருவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்த கிட்டாரில் திறந்த கம்பிகள் சுருதியாக இருந்தன, மேலே போகப்போக எல்லாம் பிசகியது. ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றியிருக்கிறார். பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் திரும்ப வைத்துவிட்டார். அரை விரல்கடை நகர்ந்திருந்தது. அன்றிரவு உட்கார்ந்து நானே சரிசெய்தேன். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராகக் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஸ்வரம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்வரம் வரவேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் பிரிட்ஜை வாலை நோக்கித் தள்ளவேண்டும், குறைந்தால் கழுத்தை நோக்கி. ஒரு மயிரிழை தள்ளுவது, சுருதி சேர்ப்பது, கேட்பது. மறுபடி தள்ளுவது. விடியும்போது நான் அந்தக் கிட்டாரைப் புரிந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. போன வருடம் வால்யூம் பட்டன் கரகரத்தபோதும் நானே மாற்றினேன். உள்ளே போக வேறு வழி கிடையாது, எல்லாம் எஃப் துளை வழியாகத்தான். புதுப் பாகத்தின் தண்டில் நூல் கட்டி, நூலின் மறுமுனையைப் பட்டன் துளை வழியாக வெளியே எடுத்து, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல மெல்ல மெல்ல இழுத்தேன். தண்டு துளையில் தலை நீட்டியபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் மெல்லிய ராக் கம்பி போட்டிருந்தால் அதைக் கேட்டுக் கிட்டாரை எடைபோடாதீர்கள். மேலே பட்டை சுற்றி வழவழப்பாக்கிய ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள், 12 அல்லது 13 அளவில், மூன்றாவது கம்பியும் சுற்றியதாக. வியன்னாவின் தோமாஸ்டிக் கம்பிகளை நான் போடுகிறேன். விலை அதிகம், ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும். இரவில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் போடாமலே வாசியுங்கள், அறைக்குள் கேட்கிற அளவுக்கு உடலே பாடும். வெஸ் கம்பியை மீட்டும் பிக் வில்லையை விட்டுப் பெருவிரலுக்கு மாறியதே இரவில் சத்தம் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான்.

வாங்கிய அன்றே எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பிரிட்ஜின் இரு காலடியிலும் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மெல்லிய காகித டேப்பை ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அப்புறம் தொடர் எண்ணைப் பாருங்கள். முதலில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 77தானா, எந்த மாதம் என்று எழுதுங்கள்.