நாணயப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். 1787-ம் ஆண்டுக் குதிரைத்தலைச் செம்புக்காசு ஒன்றை வாங்கித் தரச்சான்றுக்கு அனுப்பினேன். 'அசல், அரிப்பு உண்டு' என்று மட்டும் எழுதி, கிரேடு எண் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பிவிட்டார்கள். கட்டணம் வீண்தானா?

பதில்: வீணே இல்லை. 'அசல்' என்ற சொல்லுக்காகத்தான் அந்தக் கட்டணம். அமெரிக்காவின் ஆரம்பகாலக் காசுகளில் எனக்கு முதலில் வேண்டியதும் அதுதான். இவற்றை அடித்த காலத்திலேயே கள்ளக்காசு அடித்தார்கள், 19-ம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களுக்கென்றே நகல் எடுத்தார்கள், இன்றும் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிபுணர் ஒருவர் காசைக் கையில் எடுத்துப் பார்த்து அசல் என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

அரிப்பைக் கண்டு மனம் தளர வேண்டாம். நியூஜெர்சி சட்டமன்றம் 1786-ல் மூன்று பேருக்கு இந்தக் குதிரைத்தலைச் செம்புக்காசு முப்பது லட்சம் அடிக்க அனுமதி கொடுத்தது. ஒவ்வொன்றும் 150 கிரேன், அதாவது 9.7 கிராம் அளவு எடை இருக்க வேண்டும் என்பது விதி. மக்கள் கையில் புழங்கித் தேய்ந்த காசுகள் இவை. வயலில் விழுந்து இருநூறு வருடம் ஈர மண்ணில் கிடந்தால் எந்தச் செம்பும் அரிக்கத்தான் செய்யும். காசு பிறந்த பிறகு வந்த சேதம் என்பதால் நிறுவனங்கள் எண் போடுவதில்லை. காசு அடிக்க எடுத்த வெற்றுத் தகட்டிலேயே இருந்த விரிசலையும், அச்சு சரியாகப் பதியாத இடத்தையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை பட்டறையின் சுவடுகள்.

இனி லென்ஸை எடுங்கள். உங்கள் காசு எந்த அச்சு வகை என்று பாருங்கள். நியூஜெர்சிக் காசுகளை ஆராய்ந்த எட்வர்ட் மாரிஸ் 1881-ல் வகுத்த வரிசையைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள்: குதிரைப் பக்கத்துக்கு எண், கேடயப் பக்கத்துக்கு எழுத்து. 1787-ம் ஆண்டு போட்ட 56-n என்ற வகைக்கு 'ஒட்டகத்தலை' என்று பெயர். இதைப் புதுத் தகட்டில் அடிக்காமல், கனெக்டிகட் போன்ற இடங்களின் பழைய காசுகள் மேலேயே அடித்தது அதிகம். என்னிடம் இருக்கும் ஒன்றில் கேடயத்தின் ஓரத்தைச் சாய்த்துப் பிடித்தால், அடியிலிருந்து வேறொரு காசின் எழுத்து அரைகுறையாக எட்டிப் பார்க்கும். விவரம் தெரியாதவர் அதைக் கீறல் என்று ஒதுக்கிவிடுவார். தெரிந்தவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். அச்சு வகையைப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் எழுதித் தரப் பொதுவாகத் தனிக் கட்டணம் கேட்பார்கள். உங்களுடையது அரிய வகை என்றால் தயங்காமல் கட்டுங்கள். அரிய வகை அரித்திருந்தாலும் அதைத் தேடி ஆள் வரும்.

கேள்வி: ஒரே கிரேடு எண் உள்ள இரண்டு காசுகளுக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

பதில்: 1 முதல் 70 வரையிலான அந்த அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949-ல் உருவாக்கியது 1793 முதல் 1814 வரையிலான பெரிய சென்ட் காசுகளுக்காக. அந்தப் பெரிய சென்டுகள் அரசு நாணயச்சாலையில் பிறந்தவை. அதற்கு முந்தைய காலனிக் காசுகளோ ஊருக்கு ஒரு பட்டறை, பட்டறைக்கு ஒரு தரம். எண் பெரும்பாலும் தேய்மானத்தைத்தான் சொல்கிறது. செம்பின் நிறம், உருவம் நடுவில் விழுந்திருக்கிறதா, ஆண்டு முழுசாகத் தெரிகிறதா என்பதையெல்லாம் கண்தான் சொல்ல வேண்டும். காசைப் பார்த்து வாங்குங்கள், சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டுப் பழைய பெட்டியில் 1652 என்று போட்ட, பைன் மரம் பொறித்த வெள்ளி ஷில்லிங் கிடைத்தது. நேராகச் சான்றுக்கு அனுப்பலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். பளபளப்பாக்கிய வெள்ளிக்குப் பழைய மதிப்பு திரும்பி வராது.

ஆண்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் இருவரும் பாஸ்டனில் ஏறத்தாழ முப்பது வருடம் அடித்த, மரம் பொறித்த ஷில்லிங்குகளில் 1652 என்றே போட்டார்கள். நகல் செய்தவர்களும் அதையேதான் போட்டார்கள். நியூயார்க்கில் தாமஸ் வயட் 1850-களிலேயே போலி செய்திருக்கிறார். நகல் காசுகளில் 'காப்பி' என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் 1973-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய நினைவுப் பொருள்களில் அந்த அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது.

நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஷில்லிங்கின் விதி எடை 72 கிரேன், சுமார் 4.67 கிராம். அசலே ஓரம் வெட்டப்பட்டுக் குறைந்திருக்கலாம். அதனால் எடை குறைந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அதைவிடக் கனமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் விளிம்பை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். இரண்டு பாதி சேர்ந்தது போலக் கோடு ஓடினாலோ, பரப்பில் குமிழிக் குழிகள் தெரிந்தாலோ அது வார்ப்புப் போலி.

இதில் தேறினால், காலனிக் காசு வியாபாரம் செய்யும் ஒருவரிடம் காட்டிவிட்டு பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஏற்கெனவே பெட்டியில் அடைத்த ஷில்லிங்கை யாராவது விற்க வந்தால், சீட்டில் உள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். படம் இருந்தால் மரத்தின் கிளை, ஓரத்தின் வளைவு எல்லாம் கையில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெட்டியிலும் போலி வருகிறது.