சோர்ந்தது யார்? கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

சார், உங்கள் மகள் எழுதிய ஏசிடி (அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் ACT தேர்வு) மாதிரித் தேர்வைப் பார்த்தேன். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன், ஆனால் அவள் சித்தப்பா கொடுத்த கோச்சிங் சென்டர் நோட்டீஸோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். கடன் வாங்கி என்றால் நினைக்கவே வேண்டாம்.

ஆங்கிலப் பகுதியில் அவள் விட்டதில் பெரும்பாலானவை ஒரே வகை. 'வென் த டீச்சர்ஸ் மெட் த ஸ்டூடண்ட்ஸ், தே வேர் டயர்ட்.' சோர்ந்தது யார்? ஆசிரியர்களா, மாணவர்களா? அந்த 'தே' இருக்கும் இடத்துக்குத் தந்த விடைகளில் 'தே', 'தீஸ்', 'தே ஆல்' என்று மூன்று, நான்காவது 'த ஸ்டூடண்ட்ஸ்'. யார் என்று தெளிவாகச் சொல்வது அது ஒன்றுதான், அதுதான் சரி. ஆனால் ஒரே சொல்லைத் திரும்ப எழுதக்கூடாது என்று பள்ளியில் திட்டு வாங்கிய பிள்ளை அதைத் தொடவே மாட்டாள். 'சின்ன விடையாகப் பார்த்துப் போடு' என்று கோச்சிங்கில் சொல்லித் தருகிறார்களே, அந்தக் குறுக்குவழி பல இடத்தில் உதவும், இங்கே மட்டும் காலை வாரிவிடும்.

அவள் செய்ய வேண்டியது இதுதான். ப்ரோநவுனை ('தே' மாதிரி பெயருக்குப் பதிலாக வரும் சொல்லை) கண்டதும் பென்சிலால் வட்டமிட்டு, 'யார், எது?' என்று கேட்டு, விடையை அந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டு பெயர் பொருந்தினால் பெயரையே எழுதிய விடையை எடுக்கலாம். ஒன்று ஒருமை, மற்றது பன்மை என்றால் குழப்பமே இல்லை, அப்படியே விட்டுவிடலாம் (எல்லாவற்றையும் திருத்தப் போய் மார்க்கை விட்டவர்களும் உண்டு). 'இன் த ரிப்போர்ட், தே சே' என்று வந்தால் அந்த 'தே'க்கு ஆளே கிடையாது, 'த ரிப்போர்ட் சேஸ்' போதும். 2025-இல் மாற்றிய வடிவத்தில் ஆங்கிலப் பகுதிக்கு 35 நிமிடத்துக்கு 50 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 42 நொடி. பழகிவிட்டால் அது போதும்.

அப்புறம், கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார் சித்தப்பா. நான் விடை சொன்னதும் உங்கள் மகள் என்ன கேட்டாள் தெரியுமா? "ரெண்டு பேருமே சோர்ந்திருக்கலாமே சார்?" இந்தச் சந்தேகத்தைப் படிக்கவே ஒரு துறை இருக்கிறது, மொழியியல். நகரசபையினர் போராட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். இதில் 'வன்முறைக்கு அஞ்சினார்கள்' என்பதை 'வன்முறையை ஆதரித்தார்கள்' என்று மாற்றிப் பாருங்கள், 'அவர்கள்' வேறு ஆளாகிவிடுவார்கள். 1972-இல் டெரி வினோகிராட் என்ற கணினி அறிஞர் தந்த உதாரணம் இது. இந்த மாதிரி வாக்கியங்களை வைத்தே பின்னாளில் கணினிகளுக்குப் பரீட்சை வைத்தார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்த பிறகுகூட மேஜரை (முதன்மைப் பாடத்தை) முடிவு செய்யலாம், மொழியியலையும் கணினியையும் சேர்த்தும் படிக்கலாம். அவள் விருப்பத்தை அவளிடம் கேளுங்கள், அவளுக்குப் பதிலாக யாரும் பேச வேண்டாம்.

ஏசிடி தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று எழுதட்டும், வட்டம் போட்ட தாளோடு வரச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.